நண்பர் காணாத நாடு

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற்குச் 'சௌராஷ்டிர தேச யாத்திரை' என்று தலைப்பிட்டு நமது காரியதரிசி அவர்கள் அறிக்கை அனுப்பிவிட்டார்கள். யாத்திரை என்றவுடன் க்ஷேத்திர மகிமையும், தங்கும் விடுதிகளின் விவரமும், செலவுக் கணக்கும் எதிர்பார்த்து வந்திருப்பவர் பலர் இருக்கக்கூடும். அவற்றைச் சொல்ல எமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் யாம் அந்நாட்டிற்குச் சென்றது எமக்காக அன்று. செல்ல வேண்டியிருந்தவர் வேறொருவர். அவர் செல்லாமற் போனதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆதலால் இன்று ஊர்களைவிட அவரைப் பற்றியே மிகுதியாகப் பேச நேரும், பொறுத்தருள வேண்டுகிறோம்.

அவர் யார் என்பது இங்குள்ளோரில் பெரும்பாலோர்க்குத் தெரியும். மாதந்தோறும் இதே மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், தூணோரமாக, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். தம் பெயர் பத்திரிகையில் அச்சேறுவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. நன்கொடைப் பட்டியலிற்கூட 'ஓர் அன்பர்' என்றே போடச் சொல்லுவார். காலஞ்சென்ற பின்னும் அவருடைய விருப்பத்தை மீற எமக்கு மனமில்லை. இங்கும் நண்பர் என்றே சொல்லிச் செல்வோம்.

திருமலை நாயக்கர் மகாலை அடுத்த தெரு ஒன்றில், குழித்தறி போட்டிருந்த ஒரு வீட்டில் பிறந்தவர் அவர். தந்தையார் தறியில் இருப்பார். தாயார் தார் சுற்றுவார். பிள்ளைகள் அறுந்த இழையைக் கண்டால் குரல் கொடுக்க வேண்டும். எம்முடைய ஒன்பதாம் வயதில் ஒரே பெஞ்சியில் அமர்ந்தோம். அன்று தொடங்கிய சினேகம் அறுபத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது. யாம் சிறிது படித்து உத்தியோகத்திற்குப் போனோம். அவர் ஒரு சுங்குடிக் கடையில் கணக்கெழுதப் போய், அங்கேயே நாற்பது வருஷம் கழித்தார். கடையில் பேரேடு; வீட்டில் சொல்லேடு. இவ்விரண்டைத் தவிர அவர் வேறொன்றும் எழுதியவரல்லர்.

அந்தச் சொல்லேட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் தாய்ப் பாஷையில் வழக்கொழிந்து வரும் சொற்களை அவர் திரட்டி வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வீட்டு வேலை ஓய்ந்து, வயது முதிர்ந்த பெண்மணிகள் திண்ணையில் காலை நீட்டி உட்காரும் நேரத்தைப் பார்த்துப் போவார். நேராக எதையும் கேட்கமாட்டார். தறியில் இன்ன உறுப்பு உடைந்துவிட்டது என்றோ, தம் வீட்டுக் குழந்தைக்கு மாந்தம் என்றோ ஏதாவது ஒரு பேச்சை எடுப்பார். பாட்டியம்மாள் தன்னை மறந்து பேசத் தொடங்குவாள். அந்தப் பேச்சில் தமக்குத் தெரியாத ஒரு சொல் விழுந்தால், கடைப் பென்சிலை எடுத்து நம் லிபியிலேயே குறித்துக்கொண்டு, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுவார். இப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்தன.

நம் பாஷையை ஆராய்ந்தவர்கள் இல்லாமலில்லை. கிரியர்ஸன் துரை தமது இந்திய பாஷைகளின் ஆய்வில் இதனைக் குஜராத்தியோடு சேர்த்து வைத்தார். ராண்டில் என்னும் ஆங்கிலேயர் 1944-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நோரிஹிகோ உசிதா என்னும் ஜப்பானியர் 1990-ல் சௌராஷ்டிர-ஆங்கில அகராதி ஒன்றை அச்சிட்டார். கடல் கடந்து ஒரு ஜப்பானியர் வந்து நமக்கு அகராதி எழுதினார் என்பதை எண்ணி நண்பர் மகிழ்வார். உடனே வெட்கமும் படுவார். அதை விலைக்கு வாங்கியவர் இச்சபையில் எத்தனை பேர் என்று யாம் கேட்கப் போவதில்லை. எம்மிடமே அது இல்லை.

இனி, எமக்குச் சொல்லக் கூச்சமான ஒரு செய்தி. 2013-ம் ஆண்டு நமது வருஷாந்தரக் கூட்டத்தில் நண்பர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஞாயிறுதோறும் மாலையில் ஒருமணி நேரம் நம் குழந்தைகளுக்குத் தாய்ப் பாஷையின் லிபியைக் கற்பிக்க வேண்டும். ஆசிரியர் வேலையைத் தாமே சம்பளமின்றிச் செய்வதாகவும், சங்கம் இடமும் விளக்கும் மட்டும் தந்தாற் போதும் என்பதாகவும் அத்தீர்மானம் இருந்தது. நிர்வாக அங்கத்தினர் என்ற முறையில் அதை எதிர்த்துப் பேசியவர் யாமே. பரீட்சைக்கு உதவாத படிப்பைக் குழந்தைகள் தலையில் ஏற்றலாகாது என்றோம். நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகளை நாம் தமிழெழுத்தில் அச்சிட்டுத்தானே பாடி வருகிறோம், தனி எழுத்து எதற்கு என்றோம். வீட்டில் பேசினாற் போதும், பாஷை தானே பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னோம். கால்மணி நேரம் பேசியதற்குக் கைதட்டலும் கிடைத்தது. தீர்மானத்திற்குக் கை தூக்கியவர் ஒன்பது பேர், அது தோற்றது.

நண்பர் மறுமொழி சொன்னது இரண்டு நிமிஷம். தமிழ் நெடுங்கணக்கில் ககரத்திற்கு ஓரெழுத்து. நம் பாஷையிலோ அவ்வொலி நான்கு வகை. அது மட்டுமன்று, ம, ந, ர, ல என்னும் எழுத்துக்களோடு ஹகாரத்தின் மூச்சு கலந்து வரும் ஒலிகள் நமக்கு உண்டு, அவற்றிற்கென்றே நம் லிபியில் 'ஹாரு' என்று ஒரு தனிக் குறி உண்டு. தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும் பேரப்பிள்ளை அந்த மூச்சை விட்டுவிடுவான். மூச்சை விட்ட சொல் வேறு சொல்லாகிவிடும். இவ்வளவுதான் சொன்னார். அக்காலத்தில் எமக்கு அது இலக்கண நுணுக்கமாகப் பட்டதேயன்றி வேறொன்றாகப் படவில்லை. 2008-ல் கணிப்பொறியின் யூனிகோடு அட்டவணையில் நம் லிபிக்கு இடம் கிடைத்ததை அவர் எடுத்துச் சொல்லியிருந்தால் இளைஞர் சிலராவது திரும்பியிருப்பார்கள். வாதத்தில் வெல்லும் வித்தை அவருக்கு வராது.

கூட்டம் முடிந்து வழக்கம்போல் இருவரும் சேர்ந்தே நடந்தோம். தெருமுனை வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. பிரியும் இடத்தில் நின்று, "நீ நன்றாகப் பேசினாய். தமிழில் பேசினாய்" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் எம்மிடம் ஒருநாளும் பேசியதில்லை.

நிற்க. பூர்வீக நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இளமையிலிருந்தே உண்டு. இருவருமாகப் போவது என்று திட்டமிட்டு, எம் மகள் கல்யாணம் ஆகட்டும் என்று ஒருமுறையும், வீடு கட்டி முடியட்டும் என்று ஒருமுறையும் தள்ளிவைத்தது யாமே. தனியே போகச் சொன்னால், பேச ஆளில்லாமல் என்ன யாத்திரை என்பார். 2023 ஏப்ரலில் சோமநாதத்தில் சௌராஷ்டிர-தமிழ்ச் சங்கமம் நடந்தபோது தமிழ்நாட்டிலிருந்து தனி ரயில்கள் விடப்பட்டன. இம்முறை எம்மைக் கேளாமலே அவர் மனுக் கொடுத்துவிட்டார், இடமும் கிடைத்தது. ஆனால் அதற்குள் சிறுநீரக நோய் முற்றியிருந்தது. வைத்தியர் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வாண்டு புரட்டாசியில் அவர் சிவலோகப் பிராப்தி அடைந்தார்.

அதற்குப் பத்து நாள் முன்பு எம்மை அழைத்து, ஏழு நோட்டுகளில் மூன்றாவதைக் கையில் கொடுத்தார். "நீயாவது போ. அங்கே நெசவு வீடு ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து இதை முழுதும் படி. அவர்களுக்குப் புரிந்த சொல்லுக்குச் சரி என்று போடு. புரியாததற்குப் பெருக்கல் குறி போடு. எனக்காகப் பொய்க் குறி போடாதே" என்றார். போடமாட்டோம் என்று வாக்களித்தோம்.

2024 தை மாதம் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ஆமதாபாத்துக்குப் போகும் நவஜீவன் விரைவு வண்டி. வீட்டார் இரண்டு நாளைக்குக் கெடாத புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார்கள். வார்தா தாண்டியபோது எதிர்ப் பலகையில் இருந்த ஒரு மார்வாரிக் குடும்பத்தார் அதன் வாசனைக்குத் திரும்பிப் பார்க்க, அவர்களுக்கும் கொடுத்தோம். நம் வீட்டுப் புளியோதரை எவ்விடத்தும் தலைகுனியாது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

மறுநாள் வண்டி சூரத்தில் தபதியைக் கடந்து, பரூச்சில் நருமதையைக் கடந்தது. ஆற்றின் அகலத்தைப் பார்த்தபடி சன்னலருகே நின்றபோது நண்பர் பக்கத்தில் நின்று பேசுவதுபோலவே இருந்தது. ஏனெனில் இவ்விடத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசியிருக்கிறார். இவ்விரு ஆறுகளை ஒட்டிய தேசத்திற்குப் பழங்காலத்தில் லாட தேசம் என்று பெயர். அங்கிருந்து பட்டு நெய்வோர் கூட்டம் ஒன்று கிளம்பி, மாளவத்திலுள்ள தசபுரம் என்னும் நகருக்குக் குடியேறி, கி.பி. 437-ஐ ஒட்டிச் சூரியனுக்கு ஒரு கோயில் எடுத்தது. அது பழுதுபட, 473-ஐ ஒட்டி அக்கூட்டத்தாரே அதைப் புதுப்பித்து, வத்ஸபட்டி என்னும் கவியைக் கொண்டு ஒரு சாசனம் எழுதுவித்தனர். தசபுரம் இக்காலத்து மந்தசோர். பொன்னும் பூவும் தாம்பூலமும் இருந்தாலும் பட்டாடை உடுத்தாமல் எந்த மங்கையும் காதலனைக் காணச் செல்லாள் என்னும் கருத்தில் ஒரு சுலோகம் அச்சாசனத்தில் வருகிறது. கோயிற் கல்லிலேயே சரக்குக்கு விளம்பரம் வெட்டிவைத்தவர்கள் நம்மவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நண்பர் சொல்லிச் சிரிப்பார். அக்கூட்டத்தில் சிலர் நெசவை விட்டு வில்வித்தைக்கும், சிலர் சோதிடத்திற்கும், சிலர் கதை சொல்லும் தொழிலுக்கும் போய்விட்டதாகவும் அச்சாசனம் கூறுகிறது. பிள்ளைகள் தறியை விட்டுவிட்டார்கள் என்று நாம் இன்று அங்கலாய்க்கிறோமே, அந்த அங்கலாய்ப்பு ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழமையுடையது.

அந்த நெசவாளர்கள் நம் மூதாதையர்தாம் என்று நம் புத்தகங்கள் பல அடித்துச் சொல்லுகின்றன. நண்பர் அவ்வளவு தூரம் போகமாட்டார். இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்லக்கூடாது. அவர்கள் புறப்பட்டது லாடத்திலிருந்து, நாம் பெயர் சூடியிருப்பதோ கடலோரத்துச் சௌராஷ்டிரத்தின் பெயர். நடுவில் ஆயிரம் வருஷத்துக்குச் சங்கிலி இல்லை என்பார். அவ்வாறே, கஜினி மாமூது 1025-26-ல் சோமநாதத்தைக் கொள்ளையிட்டதனால் நாம் ஓடிவந்தோம் என்பதையும் அவர் ஒப்பமாட்டார். தேவகிரியிலும் விஜயநகரத்திலும் பிறகு நாயக்கர் மதுரையிலும் அரண்மனைகளுக்குப் பட்டு வேண்டியிருந்தது. பட்டு வேண்டிய இடத்துக்கு நெய்பவன் போனான் என்பதே அவர் கட்சி. திருமணத்தில் இரு வீட்டாரும் வினாவும் விடையுமாகச் சொல்லும் பழைய வாசகத்தில் ஊர் ஊராகக் கடந்து வந்த வரலாறு வருகிறதேயன்றி, அழுகை வருகிறதா பார் என்பார். ஓடிவந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருப்பதாக எண்ணுவோர்க்கு இது கசப்பாக இருக்கலாம். எமக்கும் ஒருகாலத்தில் கசந்தது.

ஆமதாபாத்திலிருந்து இரவு வண்டியேறி, காலையில் சோமநாதம் சேர்ந்தோம். கோயிலைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். படங்களில் யாவரும் பார்த்ததே. இன்றுள்ள ஆலயத்தில் 1951 மே 11-ந் தேதி ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் அவர்கள் முன்னிலையில் பிரதிஷ்டை நடந்தது. கடலை நோக்கி ஓர் அம்புத் தூண் இருக்கிறது; அங்கிருந்து நேர் தெற்கே தென்துருவம் வரையில் நிலமே இல்லை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கடல் இரைச்சல் அதிகம். நண்பர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்வித்தோம். கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் கேட்ட அர்ச்சகர், ஊர் மதுரை என்றதும், போன வருஷம் உங்களூரிலிருந்து ரயில் ரயிலாக வந்தார்களே என்றார். அந்த ரயிலில் வரவேண்டியவருக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளக்கப் போதுமான ஹிந்தி எமக்கில்லை.

ஜுனாகட்டைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நகரிலிருந்து கிர்நார் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரும்பாறை; அதற்குமேல் ஒரு கட்டடம் எழுப்பிக் காத்து வருகிறார்கள். கிர்நாரின் உச்சிக்குப் பதினாயிரம் படி என்று சொல்லுவார்கள். 2020 முதல் கம்பிவழித் தொட்டி வண்டியும் ஓடுகிறது. யாத்திரிகர் யாவரும் மலைக்கே விரைகின்றனர். பாறைக்கு வருவோர் குறைவு. யாம் போன காலை வேளையில் அங்கே எம்மையும் காவற்காரரையும் தவிர ஒருவருமில்லை.

அவ்வொரு பாறையில் மூன்று அரசர்கள் எழுதியிருக்கின்றனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தியின் பதினான்கு தரும சாசனங்கள் பிராமி எழுத்தில், கி.பி. 150-ல் ருத்ரதாமன் என்னும் சக அரசன் வெட்டுவித்த சம்ஸ்கிருத சாசனம். ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்கந்தகுப்தன் காலத்து சாசனம். பின்னிரண்டும் சுதர்சனம் என்ற ஏரி உடைந்ததையும் அது திருத்தப்பட்டதையும் கூறுகின்றன. அவ்வேரியைச் சந்திரகுப்த மௌரியனுக்காக வெட்டுவித்தவன் புஷ்யகுப்தன் என்னும் வைசியன். அசோகன் காலத்தில் அதற்குக் கால்வாய் அமைத்தவன் துஷாஸ்பன் என்னும் யவன அதிகாரி. மழைவெள்ளம் வந்து ஏரி உடைவதும், யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்து அதைக் கட்டுவதுமாக ஏழு நூற்றாண்டுக் கதை அப்பாறையில் இருக்கிறது. ஏரி இன்று இல்லை.

நோட்டின் உள்ளட்டையில் நண்பர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'கிர்நார், இரண்டாம் சாசனம், பாண்டியன் பெயர் பார்.' அதன்கீழ் அச்சொல்லைப் பிராமியில் வரைந்தும் வைத்திருந்தார். மனிதர்க்கும் மிருகங்களுக்கும் வைத்தியத்துக்கு வழி செய்தது, மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் கொணர்ந்து நட்டது, வழிநெடுகக் கிணறு தோண்டி மரம் வைத்தது ஆகியவற்றைக் கூறுவது அச்சாசனம். அவை தன் நாட்டில் மட்டுமன்றி எல்லைக்கு அப்பாலும், அதாவது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும் செய்யப்பட்டதாக அசோகர் சொல்லுகிறார். கிர்நார்ப் பாறையில் பாண்டியர் என்பது 'பாடா' என்று இரண்டே எழுத்தாக நிற்கும். நண்பர் வரைந்திருந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலிக்கு இப்பாலிருந்தே அரைமணி நேரம் தேடினோம். காவற்காரர் எதையோ தொலைத்துவிட்டோம் என்று எண்ணித் தாமும் குனிந்து தேடினார். அந்த இரண்டெழுத்தைக் கண்டோம் என்று சத்தியம் செய்யமாட்டோம், கண்டதாக நினைத்துக்கொண்டோம். நம் முன்னோர் இந்நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னமே, போய்ச் சேரப்போகும் ஊரின் அரசன் பெயர் இங்கே கல்லில் ஏறியிருந்தது. இதை எம்மிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று எண்ணினோம். சொல்லியும் இருக்கலாம், யாம் செவி கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஜுனாகட்டிலிருந்து ராஜகோட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். வழியில் ஜேத்பூர் என்னும் ஊர், சேலைகளுக்குச் சாயமும் அச்சும் போடுவதற்குப் பேர்போனது. நம்மூர்ச் சாயப்பட்டறை வாடையே அங்கும் வீசிற்று. ராஜகோட்டில் பட்டோலா நெய்யும் வீடுகள் உண்டு. பாடண் நகரத்துப் பட்டோலாவில் பாவையும் ஊடையையும் இரண்டையுமே முன்னதாகக் கட்டிச் சாயம் தோய்ப்பார்கள். அதன் விலை நம்மால் ஆகாது. ராஜகோட்டில் ஊடை நூலை மட்டும் கட்டுவார்கள். நூற்சிட்டத்தை நீட்டிக் கட்டி, சாயம் ஏறக்கூடாத இடங்களில் இறுக முடிச்சிட்டுத் தோய்த்து, அவிழ்த்து, மீண்டும் முடிச்சிட்டு வேறு சாயத்தில் தோய்ப்பது முறை. நம் சுங்குடியில் முடிச்சு நெய்த துணியின்மேல் விழுகிறது. அங்கே நெய்வதற்கு முன்பே நூலின்மேல் விழுகிறது. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நண்பர் கடையில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்ததும், கையால் முடிச்சுப் போடுகிறவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று கணக்கெடுக்கப் போய் வருத்தத்தோடு திரும்பியதும் அவ்வீட்டுத் திண்ணையில் எமக்கு நினைவு வந்தன.

வீட்டுக்குடையவர் எம் வயதினர். மகனும் மருமகளும் தறியிலும் நூற்கட்டிலும் இருந்தார்கள். வந்த காரியத்தைத் தட்டுத் தடுமாறிய ஹிந்தியில் சொன்னோம். பாய் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, "படியுங்கள்" என்றார் பெரியவர். மூன்றாவது நோட்டை விரித்து முதற் சொல்லிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.

முதற் பக்கம் எமக்குப் பரமானந்தமாக இருந்தது. தண்ணீர், பால், கை என்று படிக்கப் படிக்கப் பெரியவர் தலையசைத்தார். யாமும் சரி, சரி என்று குறி போட்டுக்கொண்டே போனோம். நண்பர் இருந்திருந்தால் எழுந்து ஆடியிருப்பார் என்று தோன்றிற்று. இரண்டாம் பக்கத்தில் எண்கள். ஒன்றுக்கு ஒத்துப் போயிற்று. மூன்றுக்கு நாம் 'தீன்' என்போம். அவர்கள் 'த்ரண்' என்கிறார்கள். நூற்கட்டில் இருந்த மருமகள் சிரித்து, இவர் எண்ணுவது மராத்தி போல் இருக்கிறதே என்று மாமனாரிடம் சொன்னாள். வழியில் தேவகிரியில் பல தலைமுறை தங்கிய கூலி அது என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மூன்றாம் பக்கம் முதல் தறிச் சொற்கள். நெசவாளர் வீடாயிற்றே, இங்கேதான் வெற்றி என்று எண்ணியிருந்தோம். அங்கேதான் பெருக்கல் குறிகள் தொடங்கின. தெலுங்கும் கன்னடமும் தமிழுமாக வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்த சொற்கள் அவை. அவருக்கு எப்படிப் புரியும்? சமையற்கட்டுச் சொற்களிலும், உறவுமுறைச் சொற்களிலும், குழந்தையைக் கொஞ்சும் சொற்களிலும் பெரியவர் வெறுமனே எம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில், புரிந்ததுபோல் பாதி தலையசைத்தார். எம் கை சரி என்று போடப் போயிற்று. நண்பருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பெருக்கல் குறியே போட்டோம்.

படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெரியவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியவில்லை. "இந்தப் பேச்சை எங்கே பேசுகிறார்கள்?" என்று கேட்டார். மதுரையில், சேலத்தில், கும்பகோணத்தில், பரமக்குடியில் என்றோம். எத்தனை பேர் என்றார். 2011 குடிக்கணக்கின்படி இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். "அவ்வளவு பேர் அங்கே பேசுகிறார்கள் என்றால், அவர்களைக் கேட்காமல் இங்கே வந்து ஏன் கேட்கிறீர்கள் பாய்?" என்றார்.

குத்திக் காட்டும் எண்ணம் அவருக்குச் சிறிதுமில்லை. விஷயம் விளங்காமல் கேட்டார். எம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. எம் நிலையைக் கண்டு, பேச்சை மாற்றுவார் போல, "உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் பேசுவார்களா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். முதற் பக்கம் வரையில் பேசுவார்கள் என்றோம். அது பொய்யன்று; ஆனால் அவ்வளவே.

அந்நேரத்தில் தறியில் ஓர் இழை அறுந்தது. மகன் குரல் கொடுக்கு முன்பே பெரியவர் திரும்பிவிட்டார். எழுந்துபோய் இரு நுனிகளையும் எச்சில் தொட்டு முறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முடிச்சைப் போட்டு இழுத்தார். நண்பரின் தந்தையார் அப்படியே முடிவார். எமக்குக் கண் கலங்கிவிட்டது. காஞ்சிபுரத்திலும் காசியிலும் இதே முடிச்சைத்தான் போடுவார்கள், இதனால் நமக்கும் இவர்களுக்கும் உறவு நிரூபணம் ஆகிவிடாது என்று நண்பராக இருந்தால் உடனே சொல்லியிருப்பார். அவர் சொல்லுவது சரியே. ஆயினும் கண் கலங்கியது உண்மை.

துவாரகைக்கும் சென்று வந்தோம். அதைப் பற்றி நேயர்கள் தனியே கேட்டால் சொல்லுவோம். விடுதி, செலவு முதலிய விவரங்களை எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறோம். உணவைப் பற்றி ஒரு வார்த்தை: கம்பு ரொட்டியும் பூண்டுத் துவையலும் வெகு நேர்த்தி, பருப்பில் வெல்லம் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பர் வீட்டிற்குப் போய் அவர் மனைவியாரிடம் நோட்டைக் காட்டினோம். அம்மையார் குறிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெருக்கல் குறிகள் மலிந்த பக்கம் வந்ததும், "இதெல்லாம் அங்கே இல்லையென்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அனுப்பினார் போலிருக்கிறது" என்றார். அப்படித்தானா என்று இனி யாரைக் கேட்பது? அறுபது வருஷத்துச் சினேகத்தில் அவர் எம்மை ஏமாற்றியது அந்த ஒருமுறைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நோட்டில் உள்ள சொற்கள் 212. சரி என்று குறி பெற்றவை 58. பெருக்கல் குறி பெற்றவை 131. மிச்சம் 23 சொற்களுக்கு யாம் எக்குறியும் போடவில்லை. காரணம், அவற்றுக்கு நண்பரே பொருள் எழுதவில்லை. ஒரு மூதாட்டியார் தாலாட்டுப் பாடும்போது குறித்துக்கொண்ட சொற்கள் அவை; பாட்டின் நடுவே கேட்கலாகாது, மறுநாள் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். அந்த மறுநாள் வருவதற்குள் மூதாட்டியார் படுத்துவிட்டார். நண்பர் பொருளுக்காக விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

2013-ம் வருஷத் தீர்மானத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், வரும் வருஷாந்தரக் கூட்டத்தில் எம் பெயரில் கொண்டுவருவதாகக் காரியதரிசிக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். சம்பளமின்றிக் கற்பிக்க முன்வந்தவர் இல்லை; எமக்கு லிபி அரைகுறையாகத்தான் தெரியும். ஹாருக் குறியை எங்கே இடுவது என்பதில் இன்னும் தடுமாறுகிறோம். கற்றவர் எவரேனும் இங்கிருந்தால் எமக்கு முதலில் கற்பிக்க வேண்டும். அன்று எம்மை எதிர்த்துக் கை தூக்கிய ஒன்பது பேரில் ஐவர் இன்று இங்கே இருக்கக் காண்கிறோம். அவர்களிடம் தனியே வந்து பேசுவோம்.

கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள், முக்கியமாக எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், அவசரமாகப் போய்விட வேண்டாம். அந்தத் தூணோரத்தில் பாய் விரித்திருக்கிறது. நோட்டும் பென்சிலும் எம்மிடம் இருக்கின்றன. அந்த 23 சொற்களையும் மெதுவாக வாசிக்கிறோம். தாலாட்டை யாரேனும் பாடினாலும் சரி, நடுவில் நிறுத்திக் கேட்போம்.